சொதிக்குப் பின்னால் ஒரு கிட்டங்கி

பாளையங்கோட்டையில் பெரியநாயகம் பிள்ளை என்ற தவசுப்பிள்ளை கல்யாணச் சமையல் செய்து வந்தார். அவருக்கு இரண்டு ஆட்கள்: குத்தாலிங்கம், சங்கிலிபூதம். மூவரும் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். ஒருமுறை, "நான் வாற வரைக்கும் கேசரியக் கிண்டு" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை வெளியூர் போய்விட்டார். சங்கிலிபூதம் மறுநாள் வரை கிண்டினான். நல்ல வேளையாக, அடுப்பைப் பற்றவைக்க யாரும் சொல்லியிருக்கவில்லை.

பிள்ளையின் அண்ணன் மகள் ஆவுடைச்செல்வி சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். சித்தப்பாவின் பக்குவங்களை எல்லாம் அவள் பக்கத்துக்குப் பக்கம் தாவிப் படிக்கும் ஒரு விக்கியாகச் செய்து பென்டிரைவில் கொடுத்திருந்தாள். சொதிப் பக்கத்தில் 'தேங்காய்ப்பால்' என்ற சொல்லைத் தொட்டால் தேங்காய்ப்பால் பக்கம் திறக்கும். எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் ஓடும். மூவரும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் போட்டு, அவரவர் இஷ்டத்துக்குத் திருத்தினார்கள். கடைசியில் மூன்று சொதி ஆயிற்று. அதில் ஒன்றில் தேங்காயே இல்லை.

இந்த நிலையில்தான் அரிசி மில் சிதம்பரநாதன் மகளின் மறுவீட்டு விருந்து வந்தது. எங்கள் பக்கம் மறுவீடு என்றால் தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதிக் குழம்பு கட்டாயம் உண்டு. சிதம்பரநாதன், தவசுப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

"கல்யாணத்துல சரியா கவனிக்கலன்னு சம்பந்தி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காரு. நாளைக்கு அவரு சிரிச்சிட்டாருன்னா என் அடுத்த ரெண்டு பொண்ணு கல்யாணமும் உமக்குத்தான். சிரிக்கலன்னா தூத்துக்குடி ஆளுங்களக் கூப்பிட்டுக்கிடுவேன்."

பிள்ளை பயந்துபோய் ஆவுடைச்செல்விக்குப் போன் செய்து, மூன்று சொதியில் எதை வைப்பது என்று கேட்டார்.

"அதுக்கென்ன சித்தப்பா, விக்கிக்குப் பின்னால ஒரு டேட்டாபேஸ இணைச்சிரலாம். ஒரு கிட்டங்கி மாதிரின்னு வச்சுக்கோங்க. சரக்கெல்லாம் அங்க ஒரே இடத்துல இருக்கும். நீங்க மூணு பேரும் உங்க போன்ல இருந்து அதையே பாப்பீங்க, அதுலயே எழுதுவீங்க. நான் சொல்றத மட்டும் அப்படியே செய்யுங்க."

கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"முதல்ல ஒரு நகல் எடுத்து வேற ஊர்ல யார் வீட்லயாவது வையுங்க. இங்க வீடே தீப்பிடிச்சாலும் அது தப்பிக்கணும்."

குத்தாலிங்கம் இன்னொரு பென்டிரைவில் நகல் எடுத்தான். இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு.

"அண்ணாச்சி, இதுல எது நகல்?" என்று பிள்ளையிடம் கேட்டான்.

"வலது கையில இருக்கது."

"அப்பவே கை மாத்திட்டேனே!"

மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். தெரியாமல் அசலை அனுப்பிவிட்டால் பெரிய பிசகு. ஆகவே பாதுகாப்பாக இருக்கட்டும் என்று இரண்டையும் தென்காசியில் இருக்கும் சங்கிலிபூதத்தின் அக்கா வீட்டுக்குப் பஸ்ஸில் கொடுத்து அனுப்பினார்கள்.

இதைக் கேட்ட ஆவுடைச்செல்வி, தன்னிடம் ஒரு பிரதி இருப்பதாகவும், சென்னையிலிருந்தே இணைத்துவிடுவதாகவும் சொன்னாள். "நீங்க ஒரு பாஸ்வேர்டு மட்டும் போடுங்க. அது ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

பிள்ளை மற்ற இருவரையும் வெளியே அனுப்பினார். தானும் ஒருத்தர்தானே என்று ஞாபகம் வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு தட்டினார். அந்தப் பாஸ்வேர்டு இன்றுவரை ஒருத்தருக்கும் தெரியாது. அவள் வேறொன்று போட்டுக் கொடுத்தாள்.

"இப்ப ஆளுக்கொரு வரி எழுதிப் பாருங்க. ஆனா ஒருத்தர் எழுதுறப்ப வேற யாரும் எழுதக்கூடாது."

பிள்ளை போனை எடுத்தார். குத்தாலிங்கம் கையைக் கட்டிக்கொண்டான். சங்கிலிபூதம் தெருவுக்குப் பாய்ந்து ஓடினான். எதிர்ப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை நடந்துகொண்டிருந்தது; உள்ளே நுழைந்து கத்தினான்.

"எல்லாரும் பேனாவக் கீழ வையுங்க! அண்ணாச்சி எழுதுதாக!"

பிள்ளைகள் சந்தோஷமாக வைத்துவிட்டார்கள். தலைமையாசிரியர் அவன் சட்டையைப் பிடித்தார். அவர் கையிலும் பேனா இருந்ததால் அவன் அதையும் பிடுங்கிக்கொண்டான்.

எப்படியோ இணைப்பு வேலை செய்தது. மூன்று போனிலும் ஒரே சொதி வந்தது. ஆவுடைச்செல்விக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"கடைசியா ஒண்ணு சித்தப்பா. எந்தப் பக்கத்தத் திறந்தாலும் உப்பு, உப்புன்னு வருது. அப்படி இருக்கக்கூடாது. எதுவா இருந்தாலும் ஒரே ஒரு இடத்துலதான் இருக்கணும். மத்த இடத்துல, அது எங்க இருக்குன்னு சொன்னா போதும்."

மறுநாள் மில் பந்தலில் அடுப்பு மூட்டியதும் ஆலோசனை தொடங்கியது.

"சொதியில உப்புப் போட்டா இஞ்சிப் பச்சடியில போட முடியாதே, அண்ணாச்சி."

"பச்சடியில போட்டா பொரியல் என்ன பாவம் செஞ்சுது?"

"அப்பளத்துல ஏற்கெனவே உப்பு இருக்குல்லா!" என்றான் குத்தாலிங்கம். மூவரும் நடுங்கிப்போனார்கள். அப்பளக் கட்டுகள் உடனே கடைக்குத் திரும்பின.

பிள்ளை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மொத்த உப்பையும் முதல் இலையில வச்சிருவோம். தேடுறவங்களுக்கும் சுலபம்."

முதல் இலை சம்பந்தியுடையது. முறைப்பாக உட்கார்ந்திருந்தவர் முன்னால் விருந்தின் மொத்த உப்பும் ஒரு குன்றாகக் குவிந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் அடுத்த இலையிலிருந்து குரல் வந்தது.

"என்னய்யா, சொதியில உப்பே இல்ல?"

"முதல் இலையில இருக்கு ஐயா" என்றார் பிள்ளை.

"பச்சடியில?"

"அதுவும் அங்கனதான். ஒருத்தர் எடுக்கும்போது மத்தவங்க கை வைக்கக்கூடாது. வரிசையா வாங்க."

பசி யாரை விட்டது? பந்தியே எழுந்து வரிசையில் நின்றது. வக்கீல் வந்தார், பஞ்சாயத்துத் தலைவர் வந்தார், சிதம்பரநாதனும் வந்தார். சம்பந்தி தரையில் உட்கார்ந்திருந்ததால் ஒவ்வொருவரும் அவர் முன்னால் முதுகை வளைத்துக் குனிய வேண்டியிருந்தது. முதலில் சம்பந்தி முழித்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார். வக்கீல் இரண்டாம் தடவை குனிந்தபோது சிரித்தேவிட்டார்.

"மரியாதைன்னா இது மரியாதை! இனி இந்த ஊரே என் உப்பத் தின்ன ஊரு!"

சிதம்பரநாதன் அந்த இடத்திலேயே அடுத்த இரண்டு கல்யாணத்துக்கும் பிள்ளைக்கு வெற்றிலை பாக்கு கொடுத்தார்.

அப்போது ஆவுடைச்செல்வி போன் செய்தாள்.

"டேட்டாபேஸ் நல்லா ஓடுதா சித்தப்பா?"

"பிரமாதம்மா. அம்புட்டுப் பேரும் ஒரே இடத்துல இருந்து எடுத்தாங்க. ஒரு தகராறு கிடையாது."

"அம்புட்டுப் பேரா? சரி, இன்னைக்கு நகல் எடுத்தீங்களா?"

"எடுக்காம இருப்போமா? காலையிலயே ஒரு வாளி சொதி, பச்சடி, பொரியல் எல்லாம் தென்காசிக்குப் போயாச்சு. பந்தலே தீப்பிடிச்சாலும் விருந்து தப்பிச்சிரும்."

அவள் மெதுவாகக் கேட்டாள்: "அதுல உப்பு?"

"அது எப்படிம்மா ரெண்டு இடத்துல இருக்கும்? எங்க இருக்குன்னு சொல்லி அனுப்பியிருக்கோம்."

மில் வாசலில் தென்காசி பஸ் வந்து நின்றது. சங்கிலிபூதத்தின் அக்கா இறங்கினாள். பின்னாலேயே அத்தான், பிள்ளைகள், பக்கத்து வீட்டார், எல்லாரும் ஆளுக்கொரு சாப்பாட்டுத் தட்டைச் சிந்தாமல் ஏந்திக்கொண்டு இறங்கினார்கள்.

"ஏல, முதல் இலை எங்கல இருக்கு?" என்றாள் அக்கா.

கை கழுவப் போயிருந்த சம்பந்தி அதைக் கேட்டதும் ஓட்டமாய் ஓடிவந்து தன் இலைக்கு முன்னால் மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.