கண்ணாடியில் படிந்த அருள்

குருமார்களின் கதைகளில் கேள்வி கேட்டவருக்குப் பெயர் உண்டு. பதில் சொன்னவருக்கும் பெயர் உண்டு. அவர்கள் அமர்ந்திருந்த மரத்துக்குக்கூடப் பெயர் உண்டு. குருவை மலையிலிருந்து இறக்கி, மறுபடி ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தவருக்கு மட்டும் பெயர் கிடையாது. ‘குரு நகருக்கு எழுந்தருளினார்’ என்று எழுதிவிட்டால் போதும். வண்டி தானாக ஓடிவிடும். ஓட்டியவர் பெண்ணாக இருந்துவிட்டால் அந்த வாக்கியத்தில் வண்டியே இருக்காது.

இந்தக் கதையில் வண்டியை ஓட்டியவர் தெய்வானை.

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைச் சரிவு முடிந்து சோலை தொடங்கும் இடத்தில் அந்த மடம் இருந்தது. குருவை எல்லாரும் ஐயா என்றே அழைத்தனர். எஸ்டேட்காரர் ஒருவர் வெகுகாலம் ஓட்டிவிட்டுக் காணிக்கையாகக் கொடுத்த பழைய ஃபோர் வீல் ஜீப்தான் மடத்தின் ஒரே வாகனம். அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் தெய்வானை வேலைக்கு வந்திருந்தார். மாலையில் சீடர்கள் கூடிக் கேள்வி கேட்கும் நேரத்தில் அவர் வெளியே ஜீப்பின் அருகில் நிற்பார். உள்ளே வரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் யாரும் சொன்னதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஜீப்புக்குள் ஒரு மணம் எழுந்தது.

இனிப்பான மணம். பாகு காய்ச்சுவது போன்றது. ஆனால் பாகு அல்ல. ஐயா முன்னிருக்கையில் அமர்ந்து, வண்டி புறப்பட்ட சற்று நேரத்தில் அது வரும். பின்னால் இருக்கும் சீடர்கள் கண்களை மூடி மூச்சை இழுப்பார்கள். முன்கண்ணாடியில் ஆவி படியும். அதையும் அருள் என்றே அவர்கள் கொண்டனர். தெய்வானை ஒரு கையால் அந்த அருளைத் துடைத்துக்கொண்டே, மறு கையால் கொண்டையூசி வளைவுகளைத் திருப்புவார். துடைக்கத் துடைக்க அது எண்ணெய்போல் இழுகிற்று.

மூத்த சீடரான கயிலாசத்திடம் ஒருநாள் அவர் சொன்னார்.

“சாமி, ஹீட்டர் கோர் ஒழுகுதுங்க.”

“அப்படின்னா?”

“ஹீட்டருக்குன்னு டாஷ்போர்டுக்குப் பின்னால ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்குங்க. இஞ்சின்ல சுடற தண்ணி அதுக்குள்ள வந்து போகும். அது பொத்துப்போச்சு. அந்தத் தண்ணியில கலந்த கூலன்ட் மருந்து உள்ள வடியுது. இந்த வாசனை அதோடதுதான்.”

கயிலாசம் பொறுமையாகச் சிரித்தார். “எத்தனையோ வருஷம் தவம் கெடந்தவங்களுக்கே வாய்க்காத வாசனைம்மா இது. நீ ஓட்டற வேலையைப் பாரு.”

“அதைத்தான் பாக்கறேன். ரோடு தெரியலை.”

“தெரியாமலேதான் இத்தனை நாளாப் பத்திரமா எறக்கியிருக்கே. அது யாரோட அருள்?”

“என் கைங்க, சாமி.”

கயிலாசம் அதற்குள் நகர்ந்துவிட்டிருந்தார்.

மணத்தைப் பற்றிய பேச்சு சமவெளி வரை பரவிற்று. ஜீப்பில் ஐயாவின் பாதம் பட்ட கால்விரிப்பு எப்போதும் ஈரமாக இருப்பதைக் கயிலாசம் கண்டார். அதைப் பித்தளைச் செம்பொன்றில் பிழிந்தார். பச்சையாக இருந்தது. ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். இனித்தது. அவருக்கு அதன்பின் ஐயமே எழவில்லை. அது நோய் தீர்க்கும் தீர்த்தம் என்ற பேச்சும் பரவிற்று.

காரமடையிலிருந்து ஒரு தாய், காய்ச்சலில் துவண்ட மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். பஸ் நிறுத்தத்திலிருந்து அவர்களை ஏற்றி வந்தவர் தெய்வானை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தார். முதலில் தீர்த்தம், பிறகுதான் எதுவும் என்று தாய் உறுதியாக இருந்தாள்.

முற்றத்தில் கயிலாசம் செம்பைச் சாய்த்தார். தாய் மகளின் உள்ளங்கையைக் குவித்துப் பிடித்தாள்.

தெய்வானை செம்பைத் தட்டிவிட்டார்.

செம்பு உருண்டது. சிமெண்டுத் தரையில் பச்சை நீர் ஓடிற்று.

“அடிப்பாவி, எம் புள்ளைக்குன்னு கெடைச்சதைக் கொட்டிட்டியே” என்றாள் தாய்.

“இன்னைக்கே மூட்டையைக் கட்டு” என்றார் கயிலாசம். சீடர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கூச்சல் கேட்டு ஐயா வெளியே வந்தார்.

“தரையில என்ன?”

“தீர்த்தம், ஐயா” என்றார் கயிலாசம்.

“விஷம், ஐயா. வண்டியில ஒழுகற கூலன்ட்” என்றார் தெய்வானை.

“நானே சுவைச்சுப் பாத்தேன். இனிக்குது.”

“இனிக்கறதுதான் அதுல பெரிய ஆபத்து. ஒழுகிக் கெடந்தா நாய் நக்கிக் குடிச்சுட்டுச் சாகும்.”

ஐயா தரையைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார்.

“கயிலாசம், போய் என் எடத்துல உக்காரு.”

“ஐயா, அது உங்க ஆசனம்.”

“அது சீட்டு. உக்காரு.”

கயிலாசம் ஏறி ஒடுங்கி உட்கார்ந்தார். ஐயா முற்றத்தைக் கடந்து, வேலியோரம் போய் நின்றுகொண்டார். ஏறி வந்த சூடு இஞ்சினில் இன்னும் இருந்தது. தெய்வானை வண்டியைக் கிளப்பி, ஹீட்டர் விசிறியைத் திருகினார்.

கண்ணாடியில் ஆவி படிந்தது. கயிலாசத்தின் கால்விரலில் ஒரு சொட்டு விழுந்தது.

“மணம் வருதா?” என்று வேலியோரத்திலிருந்து ஐயா கேட்டார்.

“வருது, ஐயா.”

“அப்ப நீயும் சித்தி அடைஞ்சுட்டே. எறங்கு.”

சீடர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றிக்கொண்டார். தாய் மகளின் உள்ளங்கையைத் தன் முந்தானையில் அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

தெய்வானை சிரிக்க நிற்கவில்லை. “ஐயா, இந்தப் பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போகணும். பனி எறங்கிட்டிருக்கு. இந்தக் கண்ணாடியோட போனா பள்ளத்துலதான் கெடப்போம். ஹீட்டரை வெட்டி விடறேன். ஒரு குழாய்த் துண்டு வேணும்.”

“குழாய்க்கு இப்ப எங்க போறது?”

தெய்வானை ஏற்கெனவே சமையற்கட்டுக்குள் போயிருந்தார். அடுப்பு ஊதும் இரும்பு ஊதுகுழலுடன் திரும்பி வந்து, அதில் ஒரு சாண் அளவை ரம்பத்தால் அறுத்தார். கோணிச்சாக்கை மடித்து ரேடியேட்டர் மூடியின்மேல் வைத்து மெல்லத் திருகினார். ஆவி சீறி அடங்கிற்று. ஹீட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ், அதிலிருந்து வரும் ஹோஸ் இரண்டையும் கழற்றினார்.

“யாராவது பிடிங்க.”

ஐயா வந்து நின்றார். “எப்படிப் பிடிக்கணும்?”

“ரெண்டு முனையையும் தூக்கிப் பிடிங்க. கையை வாயில வெக்காதீங்க.”

“அதைக் கயிலாசத்துக்குச் சொல்லு.”

வெள்ளை வேட்டியில் பச்சைக் கறை இறங்கியது. ஐயா முனைகளைத் தாழ்த்தவில்லை. தெய்வானை ஊதுகுழல் துண்டின் இருபுறமும் ஹோஸ்களை ஏற்றி, கிளிப்புகளை முறுக்கினார். இனிச் சுடுநீர் ஹீட்டரை எட்டாமல், அந்தத் துண்டின் வழியாகவே இஞ்சினுக்குத் திரும்பிவிடும்.

“எனக்கும் அந்த மணம் பிடிச்சிருந்தது” என்று ஐயா தாழ்ந்த குரலில் சொன்னார். “அதனாலதான் என்னன்னு உன்னைக் கேக்கலை.”

“கேட்டிருக்கணும், ஐயா.”

“ஆமா.”

ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பி, கண்ணாடியைச் சோப்பு நீரால் கழுவித் துடைத்த பிறகு தாயையும் மகளையும் பின்னிருக்கையில் ஏற்றினார். பிறகு திரும்பினார்.

“சாமி, நீங்களும் ஏறுங்க.”

“நான் எதுக்கு?”

“நாக்குல வெச்சீங்களே. டாக்டர் பாக்கட்டும்.”

மூச்சின் ஆவி கண்ணாடியில் படியாமலிருக்க, தெய்வானை தன் பக்கத்துக் கண்ணாடியையும் கயிலாசத்தின் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கிவிட்டார். பனிக்காற்று உள்ளே புகுந்து அறைந்தது. கயிலாசத்துக்குப் பல் கிட்டிற்று. முன்கண்ணாடி மட்டும் கழுவிவிட்ட வானம்போல் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் முதன்முறையாகத் தெய்வானையின் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில் இருந்தன.

வளைவொன்றில் பஸ் ஏறி வந்தது. அதன் மஞ்சள் விளக்கைத் தெய்வானை தொலைவிலேயே கண்டு, ஒதுங்கி நின்று வழி விட்டார். உரசலாக அது கடந்து போனதும் கயிலாசம் கைப்பிடியை விட்டு, வெளியே எட்டிப் பள்ளத்தைப் பார்த்தார்.

“தாயி, மெல்லப் போ” என்றாள் பின்னாலிருந்த தாய்.

“ரோடு தெரியுதும்மா. இனி எதுக்கு மெல்ல?”

இன்னும் தாமதித்திருந்தால் கடினமாகியிருக்கும் என்று சொல்லிச் சிறுமியை டாக்டர் சேர்த்துக்கொண்டார். இரவுக்குள் காய்ச்சல் இறங்கத் தொடங்கிற்று. கயிலாசத்துக்கும் இரத்தம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, ஒரு நர்ஸ் அவரை நிற்க வைத்து நன்றாகத் திட்டினார்.

மறுநாள் மாலை, கேள்வி நேரத்துக்கு முன் ஐயா ஆள் அனுப்பித் தெய்வானையை உள்ளே அழைத்தார். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, முன்வரிசையில் உட்கார்ந்தார்.

கயிலாசம் எழுந்தார். “ஐயா, வண்டியில இப்ப மணம் இல்லை. கால்ல சூடும் இல்லை. கண்ணாடி மட்டும் தெளிவா இருக்கு. அருள் போயிடுச்சா, இல்லை இப்பதான் வந்திருக்கா?”

“நேத்து வளைவுல எதிர்ல என்ன வந்தது?”

“பஸ், ஐயா.”

“முன்னாடியெல்லாம் அந்த ரோட்ல பஸ் வரலையா?”

“வந்திருக்கும், ஐயா.”

“அப்ப நீ என்ன பண்ணிட்டிருந்தே?”

“கண்ணை மூடி முகர்ந்துட்டிருந்தேன்.”

ஐயா தெய்வானையின் பக்கம் திரும்பினார்.

“நாளையிலேருந்து இவனை முன்னாடி உக்கார வெச்சுக்கோ. கண்ணைத் தெறந்துகிட்டுக் குளிர்ல வரட்டும்.”

கயிலாசம் உட்கார்ந்தார்.

தெய்வானை அதன்பின் கேள்வி நேரத்தில் வெளியே நிற்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துக் கோத்தகிரியில் சொந்தமாகப் பணிமனை தொடங்கினார். அந்த மலையில் ஓடும் பழைய ஜீப்புகள் பெரும்பாலும் அவரிடமே பழுதுக்கு வருகின்றன. மடம் தன் ஜீப்பை விற்றபோது வாங்கியவரும் அவரே. ஊதுகுழல் துண்டைக் கழற்றிவிட்டுப் புதிய ஹீட்டர் கோர் மாட்டினார். இப்போது வண்டிக்குள் நல்ல சூடு இருக்கிறது. மணம் எதுவும் இல்லை.