முதல் வாய் அமுதகண்டருக்கே

முன்னொரு காலத்தில், ராஜா கொட்டாவி விட்டால் சபை முழுக்கக் கொட்டாவி விட்ட ஒரு நாட்டில், ராஜாவின் செல்ல நாய் தெருவில் கிடந்த எதையோ தின்றுவிட்டுப் படுத்த படுக்கையாகிவிட்டது.

நாயின் பெயர் பவளம். செவலை நிறம், வேட்டைக்கென்றே பிறந்த கால்கள், எதையும் முகராமல் விடாத மூக்கு. சாயங்காலமானால் ராஜா அதைக் கூட்டிக்கொண்டு நகரைச் சுற்றி வருவார். அப்படிப் போன ஒரு நாளில் சந்தைத்தெருவில் வாய் வைத்ததுதான் வினையாகப் போயிற்று. அரண்மனை விகடன் சடையாண்டி, கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்து அதன் வாயில் பிழிந்தபடி பக்கத்திலேயே கிடந்தான். அவனுக்கு அந்த நாய் என்றால் உயிர். சபையில் அவன் காலடியில் வந்து படுக்கிற ஒரே ஜீவன் அதுதான். மற்றவர்கள் எல்லாம் அவன் காலை வாரிவிட நேரம் பார்த்திருப்பவர்கள்.

அவர்களில் முதல் ஆள் அமுதகண்டர். அரண்மனை மடைப்பள்ளிக்குத் தலைவர். ராஜாவின் சாப்பாடு முழுவதும் அவர் பொறுப்பு. "யாரோ விஷம் வைத்துவிட்டார்கள்!" என்று ராஜா குதித்தபோது, அவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"மகாராஜா! தங்கள் உணவை அடியேன் சோதித்த பிறகுதானே தாங்கள் உண்கிறீர்கள்? பவளத்துக்கும் இனி அப்படியே ஆகட்டும். என் உயிர் போனாலும் பாதகமில்லை."

ராஜா உருகிப்போனார். அன்றைக்கே ஊரெங்கும் முரசு அறைந்தார்கள். பவளத்தின் வாய்க்குள் போகிற எதுவும், எங்கே கிடைத்ததானாலும், யார் வைத்ததானாலும், முதலில் அமுதகண்டரின் வாய்க்குள் போக வேண்டும், மீறினால் கசையடி.

பவளம் பிழைத்துக்கொண்டது. ஆனால் தெருவில் பொறுக்கித் தின்கிற பழக்கம் முன்னைவிட மோசமாயிற்று. எச்சில் இலை, மீன் குடல், கருவாட்டுத் தலை, எதையும் விடவில்லை. சந்தையில் மீன் விற்கிற ஒருத்தி, ராஜா காதில் விழும்படியே, "பாவம், அரமனையில சோறு போட மாட்டாங்க போலிருக்கு" என்று சொல்லிவிட்டாள். ராஜாவின் முகம் சிவந்துவிட்டது.

மறுநாள் சபை கூடியதும், "என் நாய் தெருவில் வாய் வைக்கக் கூடாது. என்ன வழி?" என்று கேட்டார்.

"வாய்ப்பூட்டுப் போடலாம், மகாராஜா" என்றார் தளபதி.

"என் பவளத்துக்குப் பூட்டா?"

"கயிறு கட்டலாம்" என்றார் மந்திரி.

"அது என்ன மாடா?"

இரண்டு தட்டுத் தட்டலாம் என்று சொல்ல வாயெடுத்த ஒருவர், ராஜாவின் கண்ணைப் பார்த்ததும் அதை இருமலாக்கிக்கொண்டார். அப்போதுதான் அமுதகண்டர் இனிக்க இனிக்கப் பேசினார். "நம் சடையாண்டி இருக்கும்போது கவலை எதற்கு, மகாராஜா? அவர் சொன்னால் பவளம் கேட்கும் என்று ஊரே பேசுகிறது."

"நல்லது!" என்றார் ராஜா. "வருகிற சந்தைக்கு மறுநாள் மாலை, சடையாண்டி, நீ பவளத்தைச் சந்தைத்தெரு வழியாக அழைத்து வா. நானும் உடன் வருவேன். பூட்டு, கயிறு, அடி, அதட்டல், எதுவும் ஆகாது. தெருவில் கிடக்கும் ஒரு பருக்கையை அது விழுங்கினாலும், மறுநாள் விடிவதற்குள் நீ இந்த நாட்டின் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும்."

சந்தைக்கு மறுநாள் அந்தத் தெரு கிடக்கிற கிடப்பு எல்லோருக்கும் தெரியும். சடையாண்டிக்கு இரண்டு பயம். நாட்டை விட்டுப் போவது ஒரு பயம். இன்னொரு முறை பவளம் அப்படிக் கிடந்தால் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்பது அதைவிடப் பெரிய பயம்.

ஆனாலும் முயன்றான். அமுதகண்டர் சோதித்துக் கொடுத்த வறுத்த கறித்துண்டுகளை மடியில் முடிந்துகொண்டு பவளத்தோடு நடந்தான். அது குப்பையைக் கவ்வினால் கறியைக் காட்டினான். குப்பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தது. முதல் நாள் அவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதற்குப் பிறகு நாய் கணக்கைப் புரிந்துகொண்டது. வேலைமெனக்கெட்டுக் குப்பையைத் தேடிப் போய், அதன்மேல் ஒரு காலை வைத்து உட்கார்ந்துகொண்டு, "என்ன தருகிறாய்?" என்பது போல அவனைப் பார்த்தது. ஒரு நாள் யாருடைய பிய்ந்த செருப்பையோ கொண்டு வந்து அவன் முன்னால் வைத்துவிட்டு நாக்கைத் தொங்கப்போட்டது. கறி தீர்ந்தால் அவ்வளவுதான், காலடியில் இருந்தது வாய்க்குள் போயிற்று.

'இதற்கு ஏன் இவ்வளவு பசி?' என்று அவனுக்குத் தோன்றியதே அப்போதுதான். தடவிப் பார்த்தால் விலா எலும்பு விரலில் தட்டியது. சந்தேகத்தோடு மடைப்பள்ளிப் பக்கம் போய்த் தூணோரம் நின்றான்.

அமுதகண்டர் பவளத்தின் கிண்ணத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டு கறியை மென்றார். அதில் சந்தேகம் தீராதவர்போல இன்னொன்றை எடுத்தார். ஈரலைச் சோதித்தார், மூளையைச் சோதித்தார், எலும்பை உறிஞ்சிச் சோதித்தார். கடைசியில் பவளத்துக்குக் கிடைத்தது குழம்பு ஒட்டிய கிண்ணம்.

சடையாண்டிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் யாரிடம் சொல்வது? கேட்டால், "ராஜாவின் ஆணைப்படி சோதிக்கிறேன்" என்பார். விகடன் சொல்வதை யார் நம்புவார்கள்? வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

சந்தையன்று வீட்டுக்குப் போனால், மனைவி உலகம்மை நடையில் இரண்டு மூட்டை கட்டி வைத்திருந்தாள்.

"இது என்னடி?"

"ஒண்ணுல துணிமணி, ஒண்ணுல பாத்திரம். கடைசி நேரத்துல நீங்க குதிப்பீங்க, எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது."

"நான் தோத்துருவேன்னே முடிவு பண்ணிட்டியா?"

"நீங்க தோக்க மாட்டீங்க. நாய் சாப்பிட்டுரும்" என்றாள் அவள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை சந்தைத்தெருவின் இரு பக்கமும் ஜனம். ராஜா, அவருக்குப் பின்னால் அமுதகண்டர், மந்திரி, தளபதி. சடையாண்டி பவளத்தோடு முன்னால் நடந்தான். தெருவைப் பார்த்ததும் நடையைத் தளர்த்தினான். சந்தைக் குப்பை போதாதென்று, வழி நெடுகச் சின்னச் சின்ன இலைகளில் ஆட்டுக்கறித் துண்டுகள். அவை கெட்டுப்போய் ஈ மொய்த்துக் கிடந்தன. அரண்மனைத் தோட்டத்து வாழையிலை. அமுதகண்டர் மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

பவளம் முதல் இலைக்குப் பாய்ந்தது. சடையாண்டி கண்ணை மூடிக்கொண்டான். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தான். மெல்லுகிற சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தால், நாய் இலைமேல் காலை வைத்து உட்கார்ந்து, பழகிய பழக்கத்தில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. என்ன தருகிறாய்?

மடியில் கொஞ்சம் கறிதான் இருந்தது. இலைகளோ தெருக்கோடி வரை. ஒரு துண்டை எடுத்துக் கொடுக்கப்போனவனுக்கு, 'இதை அமுதகண்டர் சோதித்தார் அல்லவா?' என்ற எண்ணம் எழுந்தது. அந்த எண்ணம் அவனை அப்படியே நிறுத்திவிட்டது.

"மகாராஜா! ஊர்வலம் நிற்கட்டும்! முரசறைந்த ஆணையொன்று மீறப்படப் போகிறது" என்று கும்பிட்டான்.

"எந்த ஆணை?"

"பவளத்தின் வாய்க்குள் போவது எங்கே கிடைத்ததானாலும், யார் வைத்ததானாலும், முதலில் அமுதகண்டர் வாய்க்குள் போக வேண்டும் என்பது தங்கள் ஆணை. தெருக்குப்பைக்கும் அது உண்டென்பதை இத்தனை நாள் நாம் எல்லோரும் மறந்துவிட்டோம். இதோ, பவளம் கால் வைத்து உணவைத் தேர்ந்துவிட்டது. ஐயா அமுதகண்டரே, தாங்கள் சோதித்தருள வேண்டும்." இலையை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினான். இலைக்குப் பதிலாக அவன் கொடுத்த கறித்துண்டை மென்றபடி பவளமும் அவரைப் பார்த்தது.

அமுதகண்டர் இலையைப் பார்த்தார், ஈயைப் பார்த்தார், ராஜாவைப் பார்த்தார். "மகாராஜா, இது... இது கெட்டுப்போன கறி."

"வாயில் வைக்காமலே எப்படித் தெரிந்தது? ஒருவேளை தாங்கள் சரியாகச் சோதிக்கவில்லையோ?" என்றான் சடையாண்டி. "மடைப்பள்ளியில் பவளத்தின் கிண்ணத்தை அடி தெரியும் வரை சோதிக்கிற தாங்கள், இங்கே ஒரு துண்டுக்குத் தயங்கலாமா?"

ஜனங்களிடையே சலசலப்பு எழுந்தது. "அதான் நாயி தெருப் பொறுக்குதா!" என்று மீன்காரி சத்தமாகவே சொன்னாள்.

ராஜா சிரிக்கவில்லை. குனிந்து பவளத்தின் விலாவைத் தடவினார். வெகுநேரம் தடவினார். 

"அமுதகண்டரே, இந்தத் தெருவில் இன்னும் எத்தனையோ இலை இருக்கிறது. ஆணை ஆணைதான். நாய் போய்ச் சேரும் முன் தாங்கள் போய்ச் சேருங்கள்" என்றார் கடைசியில்.

அவ்வளவுதான். அமுதகண்டர் பட்டு அங்கவஸ்திரத்தை விரித்துக்கொண்டு ஓடினார். நாய் கால் வைத்துவிட்டால் தான் தின்ன வேண்டுமே என்ற பயத்தில், அது வந்து சேர்வதற்குள் இலை இலையாக, எலும்பு எலும்பாக, கருவாட்டுத் தலை, மீன் குடல் சகலத்தையும் அள்ளினார். தளபதி இருமினார், மந்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பவளம் தெருக்கோடி வரை வாலை ஆட்டியபடி நடந்தது. மோந்து பார்க்க ஒரு துரும்புகூட மிஞ்சவில்லை.

அப்போது சிரிக்கத் தொடங்கிய ராஜா, அரண்மனை வாசல் வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டிக்குப் போட்டார். பவளத்துக்குச் சோறு வைக்கிற பொறுப்பை அவனிடம் கொடுத்தார். அமுதகண்டருக்கோ, தினமும் ஊர்வலத்துக்கு முன்னால் கூடையோடு நடக்கிற புதிய பதவி. அன்றிரவு பவளம் கிண்ணம் நிறையத் தின்றுவிட்டு, கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே தூங்கிப்போயிற்று. மறுநாள் அமுதகண்டர் காணாமல் விட்ட கருவாட்டுத் தலை ஒன்றை அது மோந்து பார்த்துவிட்டுத் தாண்டிப் போனபோது, சடையாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டில் உலகம்மை பாத்திர மூட்டையை அவிழ்த்தாள். துணி மூட்டையை அப்படியே மூலையில் வைத்தாள்.

"அதையும் அவிழ்க்க வேண்டியதுதானே?"

"இருக்கட்டுங்க, அடுத்த தடவை கட்டுற வேலை மிச்சம்" என்றாள் உலகம்மை. "ராஜா மறுபடி கொட்டாவி விடுவாரில்ல?"