உள்ளிருந்து சாத்திய கதவு

காட்டுக் குட்டை வற்றிக்கொண்டிருந்தது. சேற்றோரத்தில் ஒரு நத்தை, ஓட்டின் வாயை இறுக மூடிக்கொண்டு கிடந்தது. அதையே பார்த்துப் பார்த்துத் தவித்தது ஓர் இளந்தவளை.

தவிப்புக்குக் காரணம் இருந்தது. கோடை முடியும்வரை உயிரோடிருப்பவர்களை யாரும் தொடக் கூடாது. செத்ததெல்லாம் காக்கைக்கு. அதுதான் குட்டையின் கட்டுப்பாடு.

அண்டங்காக்கை வந்து இறங்கியது. "இது செத்துவிட்டது! எனக்குத்தான்!"

"ஐயோ, இல்லை! நத்தையக்கா தூங்குகிறாள்!"

நியாயம் சொல்ல எருமையைக் கூப்பிட்டார்கள். அது அசைபோட்டபடியே கேட்டது: "உயிருக்கு என்ன அடையாளம், காக்கையாரே?"

"நகர வேண்டும், தின்ன வேண்டும், வளர வேண்டும், குட்டியோ குஞ்சோ விட வேண்டும். இந்தக் கல் இதில் எதைச் செய்கிறது?"

தவளைக்குப் பழைய நாள் நினைவுக்கு வந்தது. கால் முளைக்காத தலைப்பிரட்டையாக அது அலைந்தபோது, தவளைகளே "இது நம் இனமா?" என்று முகம் சுளித்தன. அன்று தன் ஓட்டுக்கு அடியில் ஒளிய இடம் கொடுத்தது இந்த நத்தைதான். அந்த நினைப்பு தவளையைப் பேசவைத்தது.

"ஐயா, போன மாதம் மலையில் பிடித்த நெருப்பைப் பார்த்தீர்களே! அது ஓடியது. மூங்கிலைத் தின்றது. வளர்ந்தது. பொறி பொறியாகக் குட்டி போட்டது! அதற்கு உயிர் உண்டா?"

எருமை அசைபோடுவதை நிறுத்திவிட்டது. "அடடே! இல்லையே!"

"வாயாடி!" என்று காக்கை சிறகை அடித்தது. "நெருப்புக்கு உயிர் இல்லையென்றால் இந்த ஓட்டுக்கு உயிர் வந்துவிடுமா?"

"வராது," என்று தவளை ஒப்புக்கொண்டது. "ஆனால் தீனி தீர்ந்ததும் நெருப்பு அணைந்துபோயிற்று. தன்னைக் காத்துக்கொள்ள அதற்குத் தெரியவில்லை. செத்த நத்தைக்கு மூடி கழன்று விழுந்துவிடும். ஓடு திறந்து கிடக்கும். இந்த மூடி உள்ளிருந்து சாத்தியிருக்கிறதே, சாத்தியது யார்?"

காக்கைக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மூடியை 'டொக்' என்று கொத்தியது. மூடி மெல்ல இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டது!

எருமை சிரித்துவிட்டது. "நீரே கதவைத் தட்டிப் பார்த்துவிட்டீர், காக்கையாரே. வீட்டில் ஆள் இருக்கிறது. கிளம்பும்!"

காக்கை கத்திக்கொண்டே பறந்தது.

மழை வந்தது. குட்டையில் நீர் ஏறியது. மூடி திறந்து, இரண்டு கொம்புகள் மெல்ல எட்டிப் பார்த்தன.

"யாரோ தட்டினார்களே, தம்பி?"

"காக்கைதான், அக்கா."

"திறந்துவிடலாமா என்று நினைத்தேன். வெளியே உன் குரல் கேட்டது. நீ பார்த்துக்கொள்வாய் என்று இன்னும் இறுக்கிச் சாத்திக்கொண்டேன். உனக்கு நான் எப்படி நன்றி சொல்வது?"

"நான் வாலோடு வந்து நின்றபோது நீ என்னிடம் அடையாளம் கேட்கவில்லையே, அக்கா!"

அசையவில்லை, வளரவில்லை என்று ஓர் உயிரைத் தள்ளிவிடும் முன், அது உள்ளுக்குள் தன்னைக் காத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பவரே அறிவுள்ளவர்.