தெள்ளியின் வயிற்றில் வெயில்

அந்தக் காலத்தில், தண்ணீருக்குள் நெளிவதும் நீந்துவதும்கூட வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, நீலகிரி உச்சியில் இரண்டு புல்மேடுகளுக்கு நடுவே ஒரு சதுப்பு இருந்தது. செத்த பாசி முழுசாக மக்காமல், அடுக்கின் மேல் அடுக்காகப் படிந்து கறுத்துப்போன சேறு. அதன் நடுவில் ஓர் அண்டா அகலத்துக்குக் குட்டை. அண்டா அகலம்தானே என்று இளக்காரமாக நினைக்கவேண்டாம். அதற்குள் ஓர் ஊரே குடியிருந்தது. மீன் மட்டும் கிடையாது. அந்தப் புளித்த தண்ணீரில் மீன் ஒரு நாள் தாங்காது. மீன் இல்லாத இடத்தில் பூச்சி பொட்டுகள் வைத்ததுதான் சட்டம்.

அந்த நாளில் குட்டைத் தண்ணீர் பளிங்கு மாதிரித் தெளிவு. அதில் வசித்த நீர்த்தெள்ளுகள்தான் கறுப்பு. கடுகில் பாதி இருக்கும், துள்ளித் துள்ளி நீந்தும், முட்டையை முதுகுப் பையிலேயே சுமக்கும். அவற்றில் ஒருத்திதான் தெள்ளி. தோல் உளுந்து மாதிரி கருகருவென்ற ஓடு அவளுக்கு. அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

"என் வீட்டுக்குள்ள என்ன வேகுதுன்னு எவ கண்ணுக்கும் தெரியாது" என்பாள்.

குட்டையின் சாப்பாட்டு முறை சுலபமானது. தண்ணீரில் மிதக்கும் பச்சைத் துகள்கள் வெயில் பட்டால் ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். அதைத் தெள்ளுகள் தின்னும். தெள்ளுகளைத் தட்டான் குஞ்சு தின்னும். அது செத்தால் சேற்றுக்குப் போகும், சேறு கரைந்து மறுபடி பச்சைக்கு உரமாகும். யாரும் யாரைப் பற்றியும் குறை சொன்னதில்லை. சொல்லவேண்டியவர்கள் ஏற்கெனவே வயிற்றுக்குள் போயிருப்பார்கள்.

தொல்லையெல்லாம் ஆனியிலும் ஆடியிலும்தான். மலையை மூடுபனி மூடிவிடும். நாற்பது நாள் வெயில் எட்டிப் பார்க்காது, பச்சை பெருகாது. அதனால் தயிருக்கு உறைமோர் எடுத்து வைக்கிற மாதிரி, ஒரு வாய்ப் பச்சையைக் கரையோரத்துப் பஞ்சுப்பாசியின் மடிப்பில் பத்திரப்படுத்துவார்கள். அதற்குப் பெயரே உறைதான். வருஷத்துக்கு ஒருவர் காவல். வெயில் திரும்பும்வரை ஊர் முழுக்கச் சேற்றுக் கஞ்சிதான். திரும்பிய அன்று உறையைத் தண்ணீரில் விட்டால் எட்டு நாளில் குட்டை பச்சை கட்டிவிடும்.

அந்த வருஷம் காவலைத் தெள்ளி கேட்டு வாங்கினாள்.

"போன வருஷம் ஒத்தைக்கண்ணன் காவல் இருந்த லட்சணத்தைத்தான் பார்த்தோமே, பாதி உறையைக் காணோம். ஆம்பிளைகிட்ட அடுக்களையைக் கொடுத்தா இதுதான் கதி."

நெற்றி நடுவில் ஒரே கண்ணோடு இரட்டை வால் ஆட்டித் திரியும் நீர்ப்பூச்சி ஒற்றைக்கண்ணன். "பசிச்சுதுக்கா" என்று மட்டும் முனகிவிட்டு ஒதுங்கிப் போனான்.

பத்தொன்பது நாள் தெள்ளி ஒழுங்காகத்தான் இருந்தாள். இருபதாம் நாள் முதுகுப் பையில் பதினெட்டு முட்டை சேர்ந்தது. சேற்றுக் கஞ்சியில் என்ன சத்து இருக்கும்? முட்டைகள் திரளவே இல்லை. அன்றைக்குத்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. இத்தனை நாள் மடிப்பில் கிடக்கிறதே, உறை கெட்டுப்போயிருந்தால்? காவல்காரி ருசி பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள்?

துளி எடுத்துப் பார்த்தாள். கெடவில்லை. மறுநாள் கெட்டிருக்கலாம் அல்லவா? மறுநாளும் பார்த்தாள். நாள் தவறாமல், மனசறிந்து ஒரு பாவமும் செய்யாதவளைப் போல ருசி பார்த்துக்கொண்டே வந்தாள். நாற்பதாம் நாள் விடியலில் கடைசிக் கவளத்தை விழுங்கிவிட்டு வாயைத் துடைத்தாள். மடிப்பு காலி.

அந்த நேரம் பார்த்துப் பனி கிழிந்து வெயில் விழுந்தது.

ஊரே கரையோரம் கூடிவிட்டது. சேற்றிலிருந்து தட்டான் குஞ்சும் எழுந்து வந்தான். முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் தாடையைச் சட்டென்று நீட்டி இரை பிடிக்கிறவன். அவன் வந்தால் மற்றவர்கள் நாலடி தள்ளித்தான் நிற்பார்கள்.

"தெள்ளியக்கா, உறையை எடுங்க" என்றான் ஒற்றைக்கண்ணன்.

"காணோம். மழை அடிச்சிட்டுப் போயிருக்கும்."

"நாப்பது நாளா அடிக்காத மழையா இன்னைக்கு அடிச்சுது?"

"என்னையா சந்தேகப்படறே? வேணும்னா என் வயித்தைத் திறந்து பாரு!"

கறுப்பு ஓடு. எதைப் பார்ப்பது?

பஞ்சுப்பாசியைக் கேட்டார்கள். "நாப்பது நாளா நனைஞ்சு எனக்கு உடம்பே மரத்துக் கிடக்கு. மடியில யார் வந்தா, யார் போனான்னு எனக்கென்ன தெரியும்?" என்று அவள் அலுத்துக்கொண்டாள்.

தட்டான் குஞ்சு பொறுமை இழந்தான். "எனக்கு ஒரே கேள்விதான். பச்சை வருமா, வராதா? சேத்துக் கஞ்சியும் தீர்ந்தாச்சு, பச்சை வரலைன்னா பத்து நாள்ல நீங்க சாவீங்க. நீங்க செத்தா, தின்ன ஆளில்லாம இருபது நாள்ல நான். போன வருஷம் தின்னவன் யாரு? இவன்தானே?"

தாடை நீண்டு ஒற்றைக்கண்ணனின் வாலைப் பற்றியது.

"சாமி சத்தியமா நான் இல்லைங்கண்ணே! தெள்ளியக்கா, நீங்களாச்சும் சொல்லுங்களேன்!"

தெள்ளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பேசாமல் இருந்துவிட்டால் போதும், விஷயம் அவனோடு முடிந்துவிடும். ஆனால் வயிற்றுக்குள் ஏதோ குறுகுறுத்தது. காலையில் விழுங்கிய கவளம். பச்சைத் துகளுக்கு வழவழவென்று ஒரு போர்வை உண்டு, அவ்வளவு லேசில் செரிக்காது. உயிரோடுதான் இருக்கிறது. இருட்டிலேயே கிடந்தால் பொழுது சாயும்முன் செத்துவிடும். குட்டையில் மிச்சமிருக்கும் பச்சையே அவ்வளவுதான்.

முதுகில் பதினெட்டும் அசைந்தன. நாலு நாளில் பொரிந்து வெளியே வந்து, "அம்மா, என்ன இருக்கு?" என்று கேட்கும். என்னத்தைக் காட்டுவாள்?

"அவனை விடுங்க" என்றாள் தெள்ளி. "தின்னது நான்."

குட்டை கொதித்தது. வாயில் வந்ததையெல்லாம் எல்லோரும் சொன்னார்கள். ஆம்பிளை, அடுக்களை என்று அவள் பேச்சையே திருப்பிச் சொல்லியும் யாரோ சிரித்தார்கள்.

"திட்டறதை அப்புறமா நிதானமாத் திட்டுங்க, நான் எங்கேயும் ஓடிடலை. காலையில தின்னது இன்னும் சாகலை. உள்ளே குறுகுறுங்குது."

"அப்ப கிழிச்சு எடுத்துடலாம்" என்றான் தட்டான் குஞ்சு ஆசையோடு.

"கிழிச்சா என் பதினெட்டும் போயிடும், பச்சையும் நாறிப்போகும். மூளைன்னு ஒண்ணு இருக்கா உனக்கு? அதுக்கு வெயில் வேணும். வெயில் உள்ளே போனா தெம்பு வந்து, தானே பின்வழியா வெளியே வந்துடும்."

"இந்த ஓட்டுக்குள்ள வெயில் எப்படிப் போகும்?"

தெள்ளி தன் ஓட்டை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பிறகு பஞ்சுப்பாசியிடம் போனாள்.

"பெரியம்மா, உங்க உடம்புல இருக்கிற புளிச்ச தண்ணியையெல்லாம் என் மேல பிழியுங்க. ஓடு வெளுக்கட்டும்."

"எரியுமேடி!"

"எரியட்டும்."

வாலைத் தடவிக்கொண்டு நின்ற ஒற்றைக்கண்ணன் கிட்டே வந்தான். "யோசிச்சுக்கோங்கக்கா. வெளுத்துட்டா, இனிமே நீங்க ஒரு வாய் தின்னாலும் ஊருக்கே தெரியும்."

"முதல்ல தின்ன ஒரு வாய் இருக்கட்டும். யார் பார்க்கறாங்கன்னு அப்புறம் பார்த்துக்கலாம்."

பஞ்சுப்பாசி தன்னை முறுக்கிப் பிழிந்தாள். உளுந்தை ஊறவைத்துத் தோலைக் கசக்கிக் கழுவுகிற மாதிரி மூன்று தரம். தெள்ளி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஓட்டிலிருந்து கறுப்பு இறங்கி இறங்கித் தண்ணீரில் கலந்தது, அடியில் படியவே இல்லை. பளிங்காக இருந்த குட்டை வரக்காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது.

மூன்றாம் தரம் கழுவியபோது எல்லோரும் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்கள். தெள்ளி கண்ணாடியாக இருந்தாள். படபடவென்று இதயம் துடிப்பது தெரிந்தது. முதுகில் பதினெட்டும் தெரிந்தன. வயிற்றில் வளைந்து கிடந்த குடலுக்குள் ஒரு நூல் பச்சை.

அந்தக் கோலத்தோடு அவள் மேல்மட்டத்துக்குப் போய் வெயிலில் நின்றாள். எரிச்சல் அடங்கவில்லை. ஊர் முழுக்க அண்ணாந்து அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. கூசத்தான் செய்தது, ஆனாலும் நகரவில்லை. வெயில் இறங்குகிற நேரத்தில் முதல் பச்சைத் துகள் உயிரோடு வெளியே வந்து தண்ணீரில் மிதந்தது. கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு இரண்டானது.

எட்டாம் நாள் எல்லோருக்கும் சாப்பாடு. தெள்ளியை யாரும் தண்டிக்கவில்லை. பசித்த வாய்களுக்குச் சாப்பிடவே நேரம் போதவில்லை. பதினெட்டுக் குஞ்சுகளும் கண்ணாடியாகவே பொரிந்தன. அடுத்த மாதம் தட்டான் குஞ்சு தெள்ளியையும் பிடித்துத் தின்றுவிட்டான். நன்றி வேறு, பசி வேறு, அதுதான் குட்டையின் நியாயம். அவளுடைய மகள்கள் அதற்குள் பெருகி இருநூறு ஆகியிருந்தார்கள்.

அன்று முதல்தான் சதுப்புக் குட்டைத் தண்ணீர் வரக்காப்பியாகக் கிடக்கிறது. அன்று முதல்தான் நீர்த்தெள்ளுக்கு ஓடு இருந்தும் மறைப்பு இல்லை. குட்டையில் இன்றைக்குச் சாப்பாடு உண்டா என்று இப்போது யாரும் யாரையும் கேட்பதில்லை, எதிரே துள்ளிப் போகிற ஒரு தெள்ளின் வயிற்றைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள்.