க்ரும்ஹார்ன் ஏன் வளைந்திருக்கிறது

அந்தக் காலத்தில் மிருகமும் பறவையும் மட்டுமில்லை, மரத்தில் செய்த சாமானும் பேசும். ஜெர்மன் தேசத்து மலைக்காட்டில் அப்படி ஒரு குழல் இருந்தது. கைக்கோல் மாதிரி நேராக இருக்கும். உச்சியில் நாணலைச் சீவிச் சேர்த்துக் கட்டிய சீவாளி. அதுதான் அதன் நாக்கு. யாராவது மூச்சு கொடுத்தால் போதும், மனதில் பட்டதைச் சொல்லிவிடும். மூச்சு கொடுப்பது முள்ளெலி. இருவரும் ஓடையோரம், பள்ளத்துப் பக்கம் குடியிருந்தார்கள்.

ஓடை வறண்டு போயிருந்தது. வானத்தைக் குற்றம் சொல்ல முடியாது. காட்டு ராஜா கரடியார் மேலே அணை போட்டு, மொத்தத் தண்ணீரையும் தன் குளத்துக்குத் திருப்பிக்கொண்டார். எதற்கு? குளிக்க! கீழே தலைப்பிரட்டைகள் சேற்றோடு சேர்ந்து காய்கின்றன, மேலே இவருக்கு வெந்நீர்க் குளியல். ஏன் என்று கேட்க ஒரு ஆள் இல்லை.

கரடியார் பிறந்த நாள் வந்தது. மந்திரி வாத்து முள்ளெலியைக் கூப்பிட்டுச் சொன்னது: "ராஜாவின் கருணையைப் பற்றி நாலு வரி பாடணும். தெரிஞ்சுதா?"

"கருணை எங்கே இருக்குன்னு காட்டுங்க, பாடிடறோம்" என்றது முள்ளெலி.

விருந்து நடுவில் முள்ளெலி ஊதியது. குழல் வாயைத் திறந்தது: "ராஜாவே, நீங்கள் குளிப்பது எங்கள் குடிதண்ணீரில்."

மெல்லுகிற சத்தம் நின்றுபோனது.

"உடைச்சு அடுப்பில் போடு!" என்று கரடியார் எழுந்துவிட்டார்.

"அவசரப்படாதீங்க மகாராஜா" என்று வாத்து காதோடு சொன்னது. "உடைச்சா, அது சொன்னது நிஜம்னு ஆயிடும். வளைச்சு விடுவோம். வாய் தரையைப் பார்க்கட்டும். என்ன கத்தினாலும் மண்ணுக்குத்தான் கேட்கும். பார்க்கிறவங்களுக்கு உங்களைக் கும்பிடுற மாதிரியும் இருக்கும்."

தச்சுவேலைக்கு மரங்கொத்தி ஆசாரி வந்தார். ராஜாவின் குளியல் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அதன் மேலேயே குழலைப் பிடித்தார். ஆவி உள்ளே ஏறியதும் குழலுக்குப் பேச்சு வந்தது.

"ஆசாரியாரே, நான் கோணலா?"

"இல்லப்பா. உன்னைவிட நேரான மரம் என் கைக்கு வந்ததே இல்லை."

"பிறகு ஏன்?"

"என் குஞ்சுகள் ராஜா வீட்டு மரத்துப் பொந்தில் இருக்கு. என்னை எதுவும் கேட்காதே."

சொல்லிக்கொண்டே அழுத்தினார். மரம் இளகி, அடிப்பக்கம் ஊன்றுகோலின் பிடி மாதிரி வளைந்துவிட்டது.

மறுநாள் சபை கூடியது. கும்பிடுகிற குழலைப் பார்க்க ஊரே வந்திருந்தது. முள்ளெலி குழலை வாங்கியது, ஒரு பார்வை பார்த்தது, கையிலேயே திருப்பிப் பிடித்தது. அவ்வளவுதான். தரையைப் பார்த்த வாய் நிமிர்ந்து, உயரத்தில் உட்கார்ந்திருந்த கரடியார் முகத்துக்கு நேரே நின்றது. முள்ளெலி ஊதியது, குழல் சொன்னது:

"வளைத்தாயிற்று, சரி. தண்ணீர் இன்னும் எங்களுடையதுதான்!"

கரடியார் முள்ளெலியை அறையக் கையை ஓங்கினார். முள்ளைப் பார்த்தார், கையை இறக்கிக்கொண்டார். கோபமெல்லாம் குழல் மேல் திரும்பியது. "அந்த நாக்கை மூடு!"

ஆசாரி சீவாளிக்கு மேல் ஒரு மர மூடியை மாட்டி இறுக்கினார். மூடியில் மூச்சு போக மட்டும் ஒரு துளை. இனி ஊதுகிறவர் உதடு நாக்கைத் தொட முடியாது. உதடு படாமல் சொல் எங்கே வரும்? முள்ளெலி தம் கட்டி ஊதியது. 'ர்ர்ர்ர்' என்று, குளவிக்கூட்டைக் கலைத்த மாதிரி ஒரு ரீங்காரம். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

வாத்து சிரித்தது. வேறு யாரும் சிரிக்கவில்லை. அந்த ரீங்காரம் எதைப் பற்றி என்று அங்கே யாருக்குத் தெரியாது? பிள்ளைகளைச் சேற்றில் விட்டு வந்திருந்த தவளை ஒன்று எழுந்து அணைப் பக்கம் போக ஆரம்பித்தது. பின்னால் மான்கள். பின்னால் மொத்தச் சபையும். கடைசியில் முள்ளெலி, ஊதுவதை நிறுத்தாமல்.

கரடியார் கூட்டத்தைப் பார்த்தார். குறுக்கே ஓடிப்போய்த் தானே மதகைத் திறந்துவிட்டு, "என் பிறந்த நாள் பரிசு!" என்றார். வாத்து எல்லாரையும் கைதட்டச் சொன்னது.

தண்ணீர் கீழே இறங்கியது. தலைப்பிரட்டைகள் வால் அசைத்தன.

"குழலை நிமிர்த்திக் கொடுங்க. மூடியையும் எடுங்க" என்று முள்ளெலி கேட்டது.

"எதை? அந்த வளைந்த கொம்பையா?" என்றார் கரடியார். "அது பிறவிக் கோணல். நாம் என்ன செய்ய முடியும்?"

கொம்பாம்! மரத்தில் கடைந்த குழலைப் போய்! ஆசாரி பக்கத்தில்தான் நின்றார். எல்லாம் தெரிந்தவர், தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரடியார் சொன்னதை வாத்து சொன்னது, வாத்து சொன்னதைக் காடு சொன்னது, காட்டுக்கு வெளியே தேசமே சொன்னது.

அன்றைக்கு வளைந்த குழல் இன்றுவரை நிமிரவில்லை. சீவாளி மூடிக்குள்ளேயே கிடக்கிறது, உதடு படுவதில்லை, ஊதினால் அதே கோபமான ரீங்காரம். அந்த நாட்டார் அதை க்ரும்ஹார்ன் என்கிறார்கள். வளைந்த கொம்பு என்று அர்த்தம். வளைத்தவர் யார் என்று அந்தப் பெயரில் ஒரு எழுத்துகூட இல்லை.