பெயர் மறந்த புத்தகம்

நெடுங்குளம் கிளை நூலகத்துக்கு அறவாழி முதன்முதலில் வந்தபோது ஒரு பட்டியலோடு வந்தார். கட்டாயம் படிக்க வேண்டிய நூறு நூல்கள். முப்பத்தோரு வருடம் கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாமா என்று கேட்டார்.

நூலகர் குணவதி அதை வாங்கித் தானே ஒட்டினார். குணவதிக்கு நாற்பத்தொரு வயது. அறவாழியின் மூத்த மகளைவிட இளையவர்.

இரண்டு மாதமாகியும் பட்டியலில் இருந்த ஒரு நூலைக்கூட யாரும் கேட்கவில்லை. ஆனால் குணவதியின் மேசைக்கு முன்னால் எப்போதும் யாராவது நின்றார்கள். "அடுத்து என்ன படிக்கலாம் மேடம்?" என்றார்கள். குணவதி இரண்டு வார்த்தை பேசுவார், எழுந்து போவார், ஒன்றை எடுத்து வருவார். கொண்டு போனவர்கள் அதைப் படித்து முடித்துவிட்டு மறுபடி வந்து நின்றார்கள்.

ஒரு நாள் காலை, கதவு திறந்த கையோடு அறவாழி கேட்டார்.

"அம்மா, இதை எனக்குச் சொல்லிக் குடுங்க."

"எதை ஐயா?"

"யாருக்கு எந்தப் புத்தகம்னு உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"நீங்க எல்லாத்தையும் கரைச்சுக் குடிச்சவர். இங்க இருக்குறதுல கால்வாசிகூட நான் படிச்சதில்ல."

"அதனாலதான் கேக்குறேன்."

குணவதி வாசலை ஒட்டியிருந்த மேசையைக் காட்டினார். திரும்பி வரும் புத்தகங்களை அங்கேதான் வாங்குவார்கள்.

"ஒரு வாரம் அங்க உட்காருங்க. வர்றதை வாங்கி வைங்க. யாருக்கும் எதையும் சிபாரிசு பண்ணாதீங்க."

அறவாழி உட்கார்ந்தார். வாரம் முடிந்தது.

"என்னென்ன வந்துச்சு ஐயா?"

அறவாழி அறுபது தலைப்புகளை மூச்சு விடாமல் சொன்னார். பதிப்பித்த ஆண்டையும் சேர்த்துச் சொன்னார்.

"கொண்டு வந்தவங்க?"

அறவாழி யோசித்தார். ஒரு மஞ்சள் பை நினைவுக்கு வந்தது. அதைப் பிடித்திருந்தது யார் என்று வரவில்லை.

"இன்னும் ஒரு வாரம் உட்காருங்க," என்றார் குணவதி.

இரண்டாவது வாரம் அவர் முகங்களைப் பார்த்தார். மூன்றாவது வாரம் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்து, குணவதியிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். தையல் கடை வேதவல்லி எந்த நாவலையும் கடைசி அத்தியாயத்துக்கு முன்பே நிறுத்திவிடுகிறார். காரணம் கேட்டால், "முடிஞ்சு போயிடுமே சார்," என்கிறார்.

"அது எனக்கே தெரியாது," என்றார் குணவதி.

அன்று முழுக்க அறவாழி சந்தோஷமாக இருந்தார்.

அடுத்த வாரம் மாவட்டத் தலைநகரில் ஒரு கூட்டம். குணவதி போக வேண்டியிருந்தது. அவருடைய மேசையில் அறவாழி உட்கார்ந்தார்.

பதினொரு மணிக்கு இருதயராஜ் வந்தார். அரசு மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். வாரத்துக்கு இரண்டு துப்பறியும் நாவல் எடுப்பார். வண்டிக்கு அழைப்பு வரும்வரை அதிலேயே சாய்ந்து படிப்பார். அன்று அவர் கையில் எதுவும் இல்லை.

"சார், வேற மாதிரி ஏதாவது குடுங்க. ரெண்டாவது பக்கத்துலயே கொலை வந்துடுது. மூட வேண்டியதாயிடுது."

அறவாழி அவர் முகத்தைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பத்து நாள் முன்பு புறவழிச் சாலையில் கல்யாண வேன் கவிழ்ந்த செய்தி அவருக்கு ஞாபகம் வந்தது. காயம்பட்டவர்களை ஏற்றிப் போனது இந்த மனிதராகத்தான் இருக்கும். துக்கத்தைத் துக்கத்தின் வழியாகத்தான் கடக்க முடியும் என்று வகுப்பறையில் எத்தனையோ முறை சொன்னவர் அவர். எழுந்து போய், ஒரு மனிதனின் மரணத்தை நானூறு பக்கங்களில் சொல்லும் நாவலை எடுத்து வந்தார். உலகத்தின் மிகச் சிறந்த நாவல்களில் ஒன்று.

"இதைப் படிங்க தம்பி. மனசு லேசாகும்."

இருதயராஜ் வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையிலேயே திரும்பி வந்தார். நாவலை மேசையில் வைத்தார். அதன் மேல் தன்னுடைய உறுப்பினர் அட்டையையும் வைத்தார்.

"இதைத்தான் சார் தினமும் தூக்கிட்டுப் போறேன்," என்றார்.

அறவாழி எழுவதற்குள் அவர் படி இறங்கிவிட்டார்.

குணவதி வந்ததும் அறவாழி எதையும் மறைக்காமல் சொன்னார். எந்த நாவல் என்றும் சொன்னார். குணவதி உறுப்பினர் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். திட்டுவார் என்று அறவாழி காத்திருந்தார்.

"நல்ல நாவல் அது," என்றார் குணவதி.

"நீங்களா இருந்தா அவருக்கு என்ன குடுத்திருப்பீங்க?"

"தெரியல ஐயா."

திட்டியிருந்தால்கூட அறவாழிக்கு இவ்வளவு கலக்கம் வந்திருக்காது.

மத்தியானம் குணவதி குடையை எடுத்தார்.

"ஆஸ்பத்திரி வரைக்கும் போறேன். வர்றீங்களா?"

"எந்தப் புத்தகத்தை எடுத்துக்கட்டும்?"

"ஒண்ணும் வேண்டாம்."

மருத்துவமனை வளாகத்தில் புங்க மரத்தடியில் வண்டி நின்றது. பின்கதவு திறந்திருந்தது. இருதயராஜ் உள்ளே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் துணியோடு இறங்கி வந்தார்.

"கார்டை சார்கிட்ட குடுத்துட்டேன் மேடம்."

"சொன்னாரு. அதுக்காக வரல. எனக்குப் படிக்க ஒரு புத்தகம் வேணும். நீங்க ஒண்ணு சொல்லுங்க."

"நானா?"

"வருஷத்துக்கு நூறு படிக்கிறவர் நீங்கதானே."

"அதெல்லாம் கொலைக் கதை மேடம்."

"அது வேண்டாம். என்னாலயும் இப்போ அதெல்லாம் முடியாது."

இருதயராஜ் துணியை வாளியில் போட்டுப் பிழிந்தார். பிழிந்ததையே மறுபடி பிழிந்தார். அறவாழிக்கு நான்கு தலைப்புகள் நாக்கு நுனி வரை வந்தன. குணவதி மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவசரம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அறவாழியும் வாயைத் திறக்கவில்லை.

"நாலாங்கிளாஸ்ல நம்ம லைப்ரரியில ஒண்ணு படிச்சேன்," என்றார் இருதயராஜ். "ஒரு சுண்டெலி. கொட்டாங்கச்சியில ஏறி ஆத்தோட போகும். அதுக்குக் கடலைப் பாக்கணும். ஒவ்வொரு படித்துறையிலயும் யாராவது அதுக்கு ஒரு பொருள் குடுப்பாங்க. மழை வருதுன்னு ஒரு தவளை இலை குடுக்கும். சுண்டெலி அதைத் தலைகீழாப் புடிச்சுக்கும்."

சொல்லிக்கொண்டே இலையைப் பிடித்துக் காட்டினார். லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே நிறுத்திக்கொண்டார்.

"கடலைப் பாத்துச்சா?" என்று கேட்டார் குணவதி.

"அது ஞாபகம் இல்ல. புத்தகத்தோட பேரும் ஞாபகம் இல்ல."

"எனக்கு அதுதான் வேணும்."

"பேர் தெரியாம எப்படி மேடம் கண்டுபிடிப்பீங்க?"

"என்னால முடியாது. அந்தப் புத்தகத்தோட அட்டையைப் பாத்தவர் நீங்க. லீவு நாள்ல வந்து தேடிக் குடுங்க."

அவர் பதில் சொல்வதற்குள் அழைப்பு வந்தது. வாளியை ஓரமாக வைத்துவிட்டு வண்டியில் ஏறினார்.

வியாழக்கிழமை அவருக்கு ஓய்வு. பத்து மணிக்கு வந்தார். சிறுவர் பகுதியில் இருந்த குட்டைப் பலகையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். அறவாழி நாற்காலி கொண்டு வந்தார், வேண்டாம் என்றுவிட்டார். அங்கே அறுநூறு புத்தகங்கள் இருந்தன. பாதிக்கு அட்டை இல்லை. அட்டை இல்லாததையெல்லாம் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. திறந்தவற்றில் சிலவற்றை அவர் உடனே மூடவில்லை.

அடுத்த வியாழக்கிழமையும் வந்தார். அறவாழி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தூசி தட்டிக் கொடுத்தார். இருவரும் அதிகம் பேசவில்லை. மூன்றாவது வாரம், ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டே இருதயராஜ் சொன்னார்.

"பைபாஸ்ல அன்னைக்கு ஒரு பொண்ணு சார். பின்னாலிருந்து என்கிட்ட மணி என்னன்னு கேட்டுச்சு. நான் சொல்லல. ஓட்டிக்கிட்டு இருந்தேன். ஆஸ்பத்திரி வாசல்ல வந்து திறந்தா, போயிடுச்சு."

அறவாழிக்கு அந்த இடத்தில் சொல்லத் தகுந்த பத்து வரிகள் மனப்பாடமாகத் தெரியும். அவர் ஒன்றையும் சொல்லவில்லை. கையிலிருந்த புத்தகத்தைத் தூசி தட்டினார். அதைக் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். இருதயராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை நீட்டிய பிறகு கொடுத்தார்.

நான்காவது வியாழக்கிழமை கடைசி அடுக்கும் முடிந்தது. சுண்டெலி கிடைக்கவில்லை. இருதயராஜ் ஒரு ஒல்லியான புத்தகத்தை எடுத்துக்கொண்டு குணவதியிடம் வந்தார்.

"அது இல்ல மேடம். எங்கயும் இல்ல. இது வேற. இதுல ஒரு கழுதை வருது. வண்ணான் செத்ததுக்கு அப்புறமும் தினமும் துறைக்குப் போய் நின்னுட்டு வரும். சோகக் கதை மாதிரி தெரியும், ஆனா இல்ல. எல்லாத்தையும் புரட்டிப் பாத்துட்டேன். உங்களுக்கு இதுதான் சரியா இருக்கும்னு தோணுச்சு."

குணவதி இரண்டு கையாலும் வாங்கினார். தன் பெயரில் பதிந்து பைக்குள் வைத்துக்கொண்டார். இருதயராஜ் தன் உறுப்பினர் அட்டையைக் கேட்டு வாங்கினார். சிறுவர் கதைகள் இரண்டை எடுத்துக்கொண்டு போனார். ஓய்வு நாளாயிருந்தும் ஒன்றை அன்றே மருத்துவமனைப் புங்க மரத்தடியில் உட்கார்ந்து படித்ததாக வேதவல்லி வந்து சொன்னார்.

மறுநாள் காலை அறவாழி சீக்கிரமே வந்துவிட்டார்.

"அம்மா, இப்போ எனக்குப் புரிஞ்சிடுச்சு."

"என்ன புரிஞ்சுது ஐயா?"

"புத்தகம் கேட்டு வந்தவர்கிட்டயே நீங்க புத்தகம் கேட்டீங்க. அதுல அவர் உள்ள வந்துட்டார். அருமையான யுக்தி. இனிமே நானும் அப்படித்தான் பண்ணப் போறேன்."

குணவதி சன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"யுக்தி இல்ல ஐயா. எனக்கு நிஜமாவே வேண்டியிருந்துச்சு."

அறவாழிக்குப் புரியவில்லை.

"என் வீட்டுக்காரர் தவறி பதினாலு மாசம் ஆச்சு. அதுக்கப்புறம் என்னால ஒரு பக்கம்கூடப் படிக்க முடியல. எடுப்பேன், நாலு வரி போகும், வெச்சுடுவேன். நேத்து அந்தக் கழுதைக் கதையை முழுசாப் படிச்சேன்."

அறவாழி அவர் முகத்தைப் பார்த்தார். இந்த நூலகத்துக்கு நான்கு மாதமாக வந்துகொண்டிருந்தவர் அவர். வந்தவர்கள் முகத்தையெல்லாம் பார்க்கக் கற்றுக்கொண்டவர்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா," என்றார். "அன்னைக்கே நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுத்திருப்பேனே."

"குடுத்திருப்பீங்க ஐயா," என்றார் குணவதி. "இருதயராஜ் எனக்காகத் தேடுனாரு."