நெட்டைக்கால் மோட்டார்

காயலின் நடுவே ஒரு மணல் திட்டு. அதில் முயல், கீரி, அணில், முள்ளெலி என்று பன்னிரண்டு குடும்பங்கள் இருந்தன. எல்லாம் குள்ளப் பிராணிகள். நீச்சல் வராது, வந்தாலும் நாலு முழத்துக்கு மேல் தாங்காது. அக்கரைக்குப் போக ஒரே ஒரு படகுதான் இருந்தது. அதை ஓட்டத் தெரிந்தவனும் ஒரே ஒருவன்தான். அவன் சுழியன் என்கிற நீர்நாய்.

சுழியனுக்கு நன்றாக நீந்தத் தெரியும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கதை முடியும்போது அதுதான் நெஞ்சில் உறுத்தப் போகிறது.

மழைக்காலத்தில் பெரும்புயல் வந்தால் திட்டு முழுகிப் போகும். ஆனால் காயல் முன்கூட்டியே ஒரு சேதி சொல்லும். புயல் வருவதற்கு அரை நாள் முன்னால் காற்று தண்ணீரையெல்லாம் கடல் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். காயல் வற்றிச் சேறு தெரியும். அதைப் பார்த்ததும் எல்லோரும் படகேறி அக்கரை மேட்டுக்குப் போய்விடுவார்கள். போன தண்ணீர் திரும்பி வந்து திட்டை விழுங்கும்போது அங்கே ஒரு குட்டிகூட இருக்காது. இப்படியே ஏழு புயல்களைத் தாண்டியாகிவிட்டது.

வற்றிய நாளில் படகு போக ஒரே ஒரு பள்ளம்தான் உண்டு. அதில் சுழியன் பின்காலில் எழுந்து நின்றால் தண்ணீர் அவன் வயிற்றைத் தொடும். அவ்வளவுதான் ஆழம். இரண்டு பக்கமும் ஆளை விழுங்கும் சேறு. பழைய மோட்டார் அந்தப் பள்ளத்துக்கென்றே செய்ததுபோல இருந்தது. படகின் பின்பலகையில் மாட்டினால் தலை மேலே நிற்கும். கால் தண்ணீருக்குள் இறங்கும். காலின் நுனியில் விசிறி சுற்றும். அந்தக் கால் சுழியனின் வயிற்றளவுதான். அடிமண் தட்டாமல் அழகாகப் போய்விடும்.

அந்த மோட்டார் ஒருநாள் நடுக்காயலில் கனைத்து, இருமி, புகை கக்கி அடங்கிவிட்டது. சுழியன் தோள் இறங்கும்வரை கயிற்றை இழுத்துப் பார்த்தான். கடைசியில் மூங்கில் கழியை ஊன்றித்தான் படகைத் திட்டுக்குக் கொண்டுவந்தான். புது மோட்டார் வாங்குவது என்று அன்றைக்கே ஊர் கூடி முடிவு செய்தது.

அக்கரையில் ஒரு குரங்கு மோட்டார் கடை வைத்திருந்தது. திட்டின் தலைவரான கீரி, நாலு முயல், இரண்டு அணில், படகோட்டி சுழியன் எல்லோரும் கழி ஊன்றிப் படகில் போனார்கள். கூடவே பொட்டு என்கிற முள்ளெலியும் தொற்றிக்கொண்டாள். அவள் சுழியனின் சிநேகிதி. படகில் எப்போதும் முன்பக்கம் உட்கார்ந்து, எங்கே சேறு, எங்கே பாசி என்று சொல்லிக்கொண்டே வருவாள். அவனுக்குத் தெரியாத இடமா என்ன? இருந்தாலும் அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு ஓட்டுவது அவனுக்குப் பிடிக்கும்.

அக்கரைத் துறையில் வழக்கம்போல மான்கள் நின்றிருந்தன. உயரமான கால், நீளமான கழுத்து, வேலை ஒன்றும் கிடையாது. படகு கரையைத் தொட்டதும் ஒரு மான் சொன்னது, "அதோ, குட்டைக் கூட்டம் வந்துடுச்சு."

வாரா வாரம் கேட்கிற பேச்சுதான். ஆனாலும் வாரா வாரம் வலிக்கும். தலைவர் கீரி மீசையை முறுக்கிக்கொண்டு, காது கேட்காததுபோல நடந்தார்.

கடையில் குரங்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தது. கொஞ்சம் பேசிவிட்டு, எந்தக் கடைக்காரனும் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டது.

"நெட்டைக்கால் வேணுமா, குட்டைக்கால் வேணுமா?"

கீரியின் முகம் சுண்டியது. குரங்கு அதைக் கவனிக்காமல் அடுத்த வார்த்தையையும் விட்டது. "உங்களுக்குக் குட்டைதான் சரியா இருக்கும், தலைவரே."

அவ்வளவுதான். கீரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். முயல்களின் காதுகள் நட்டுக்கொண்டன. வாசலில் மான்கள் வேறு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றன. பாவம், குரங்கு பேசியது மோட்டாரின் காலைப் பற்றி. கேட்டவர்கள் காதில் விழுந்ததோ தங்கள் காலைப் பற்றி. மோட்டார்க் கடையில் ஓயாமல் புழங்குகிற ஒரு வார்த்தை அன்றைக்கு வசைச்சொல்லாகிவிட்டது.

"ஏன், நெட்டை வாங்க எங்களுக்குத் தகுதி இல்லையோ?" என்றார் கீரி. "கடையிலேயே நெட்டையானதை எடுத்து வெளிய வை."

குரங்கு எடுத்து வைத்தது. சிவப்பு வண்ணம் பளபளக்க, பெரிய தலையும் நீண்ட காலுமாக அது நின்றது. தண்ணீர்த் தொட்டியில் காலை விட்டு ஓட்டிக் காட்டியபோது கடைக்கூரை அதிர்ந்தது. மான்கள் இரண்டடி பின்வாங்கின. முயல்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அந்த இடத்திலேயே மோட்டார் விலைபோய்விட்டது.

சுழியன் மெல்ல அதன் பக்கத்தில் போய்ப் பின்காலில் எழுந்து நின்றான். மோட்டாரின் கால் அவன் மோவாயைத் தொட்டது.

வயிறளவு தண்ணீரில் மோவாயளவு கால் எப்படிப் போகும்? மற்ற நாளில் போகும். காயல் நிறைந்திருக்கிற முந்நூறு நாளும் ஜம்மென்று போகும். வற்றுகிற அந்த ஒருநாள் போகாது. அந்த ஒருநாளுக்காகத்தானே படகே இருக்கிறது!

அப்போது பொட்டு, யார் பேச்சுக்கும் குறுக்கே விழாமல் காத்திருந்து, சின்னக் குரலில் கேட்டாள். "தலைவரே, காயல் வத்துற அன்னிக்கு இந்தக் கால் தரையில முட்டாதா?"

ஒரு முயல், "குட்டைக்குக் குட்டைதானே பிடிக்கும்" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் மான்களும் சிரித்தன. கீரி சுழியன் பக்கம் திரும்பி, படகோட்டி என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

இப்போது வாயைத் திற, சுழியா! ஒரே ஒரு வார்த்தை போதும். 'முட்டும்' என்று சொன்னால் போதும். ஆனால் அவனைச் சுற்றிலும் சிரித்த முகங்கள். முட்டும் என்றால் அவனும் குட்டைக் கட்சி ஆகிவிடுவான். எத்தனை வருஷத்துக்குக் கேலி பேசுவார்களோ. புயல்தான் இந்த வருஷம் வருமென்று யார் கண்டது?

சுழியன் பல்லைக் காட்டிச் சிரித்தான். "ஓட்டுறவன் கையில இருக்கு" என்றான்.

பொட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

புது மோட்டார் திட்டுக்கு வந்த நாளில் ஒரே கொண்டாட்டம். வெயிலும் மழையும் படாமல் அதற்கு ஒரு கொட்டகை போட வேண்டும் என்றார் கீரி. கால் நட மரத்துக்கு எங்கே போவது? படகில் கிடந்த மூங்கில் கழிகளையும் துடுப்புகளையும் எடுத்துத் துண்டு துண்டாக அறுத்து நட்டார்கள். இனிமேல் கழி ஊன்றுகிற பிழைப்பு நமக்கு எதற்கு என்று ஒரு முயல் கேட்டது. சுழியன் அதற்கும் சிரித்துவைத்தான். ஒருமுறை சிரித்துவிட்டால் பிறகு நிறுத்துவது கஷ்டம்.

அடைமழைக்காலம் வந்தது. ஒருநாள் காலையில் சுழியன் கண் விழித்தபோது படகு சாய்ந்து கிடந்தது. காயல் வற்றியிருந்தது.

யாரும் பதறவில்லை. ஏழு புயல் பார்த்தவர்கள் அல்லவா? குட்டிகளை எண்ணி எண்ணி ஏற்றினார்கள். பன்னிரண்டு குடும்பமும் ஏறியது. கடைசியாகப் பொட்டு ஏறி, தன் வழக்கமான இடத்தில் முன்பக்கம் உட்கார்ந்தாள். படகைத் தள்ளிப் பள்ளத்தில் இறக்கினார்கள். மோட்டாரைச் சாய்த்துத் தூக்கினால் விசிறி தண்ணீருக்கு மேலே வெறும் காற்றில் சுற்றியது. எல்லோரும் பெருமைப்பட்ட அந்தச் சத்தம் காயல் முழுக்கக் கேட்டது. படகு ஓர் அங்குலம் நகரவில்லை. சரி, கொஞ்சமாக இறக்கி, பாதி விசிறி தண்ணீரிலும் பாதி காற்றிலுமாக ஓட்டினான். படகு உதறிக்கொண்டே பாதி வழி வந்தது. அங்கே அடிமண் கொஞ்சம் மேடு. கால் சேற்றுக்குள் சொருகிக்கொண்டது. மோட்டார் ஒரு தடவை முனகி நின்றது. படகு முளையில் கட்டிய மாடுபோல அதே இடத்தில் நின்றுவிட்டது.

மோட்டாரைப் பின்பலகையோடு பிடித்திருந்த முடுக்காணிகளைக் கழற்றி அதை விட்டுவிட்டார்கள். அது படகைப் பிரிந்தும் சேற்றில் நேராக நின்றது. படகுக்கு விடுதலை கிடைத்தது. ஆனால் தள்ள ஒரு கழி இல்லை. வலிக்க ஒரு துடுப்பு இல்லை. முயல்கள் முன்னங்காலால் தண்ணீரை அள்ளி அள்ளிப் பார்த்தன. காற்று படகை ஒதுக்கிக்கொண்டுபோய்ச் சேற்றுமேட்டில் செருகியது. சுழியன் பள்ளத்தில் இறங்கி நெடுநேரம் இழுத்துப் பார்த்தான், அவ்வளவு பாரத்தில் அது அசையவில்லை. இறங்கி நடக்கலாம் என்று குதித்த அணில் ஒன்று கண்ணெதிரே சேற்றுக்குள் போயிற்று. பிறகு யாரும் இறங்கவில்லை.

கீரி படகின் நடுவே உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார். வாங்கச் சொன்னது நான்தான், நான்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டுவதற்கு நேரமும் இல்லை.

உச்சிவேளையில் காற்று சட்டென்று நின்றது. எல்லோருக்கும் அர்த்தம் புரிந்தது. காற்று திரும்பப் போகிறது, தண்ணீரும் திரும்பும்.

சுழியன் பள்ளத்தில் குதித்தான். முதுகில் இரண்டு முயல்குட்டிகளைத் தொற்றவைத்து நீந்தி, அக்கரையில் விட்டுத் திரும்பினான். அடுத்து ஓர் அணில்குட்டியும் ஒரு கீரிக்குட்டியும். மூன்றாம் முறை வந்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. அவன் நேராக முன்பக்கம் போனான்.

"பொட்டு, வா."

"என்னை எப்படிண்ணே முதுகுல ஏத்துவீங்க? முள்ளு குத்தும்."

"குத்தட்டும்."

"குத்தினா நடுவுல முங்கிடுவீங்க. அந்தக் கடைசி முயல்குட்டிய எடுத்துக்குங்க."

அவளே குட்டியை அவன் முதுகில் நகர்த்திவிட்டாள். அவன் திரும்பும்போது கூப்பிட்டாள்.

"அண்ணே, அன்னிக்குக் கடையில நான் கேட்டது தப்பா?"

"இல்லம்மா. நீ கேட்டதுதான் சரி."

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

சுழியனால் பொய் சொல்ல முடியவில்லை. "தெரியும்" என்றான்.

"அப்போ ஏண்ணே சிரிச்சீங்க?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். முதுகில் இருந்த குட்டி குளிரில் நடுங்கியது. அவன் நீந்தினான்.

அவன் கரையேறித் திரும்பிப் பார்த்தபோது காயல் நிறைந்திருந்தது. தண்ணீர் சுவர்போல வந்து போயிருந்தது. படகு இல்லை. திட்டும் இல்லை. அவன் மறுபடி குதித்தான். சாயங்காலம்வரை மூழ்கி மூழ்கித் தேடினான். யாரும் கிடைக்கவில்லை.

பன்னிரண்டு குடும்பங்களில் மிஞ்சியது ஐந்து குட்டிகள். சுழியன் அவற்றை அக்கரை மேட்டில் வளர்த்தான். மான்கள் அதற்குப் பிறகு யாரையும் குட்டை என்று சொல்லவில்லை. படகில் வந்து இறங்க அந்தக் கூட்டம் இல்லை.

இப்போதும் காயல் வற்றுகிற நாளில் நடுச்சேற்றில் அந்தச் சிவப்பு மோட்டார் தலைநிமிர்ந்து நிற்பது தெரியும். அது என்ன என்று குட்டிகள் கேட்கும். சுழியன் கடையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்வான். தான் சிரித்ததையும் சொல்வான். பொட்டு கடைசியாகக் கேட்ட கேள்விக்கு மட்டும் அவனுக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

நீதி: கேலிக்குப் பயந்து தேவைக்கு ஒவ்வாததை வாங்குவது பெரிய பேதைமை, அது ஒவ்வாது என்று தெரிந்தும் கூட்டத்தோடு சேர்ந்து சிரித்து வாய்மூடி இருப்பது அதைவிடப் பெரிய பாவம்.